அறுக்காத இலை



விபூதித் திருநாளன்று குருவானவர் நம் நெற்றியில் சாம்பலிட்டு, நாம் மண்ணென்று நினைப்பூட்டுகிறார். அந்த மண்ணை நாம் என்ன பாடுபடுத்தினோம் என்று எப்போதாவது ஆத்தும சோதனை செய்ததுண்டா?

அமெரிக்க தேசத்துப் புளோரிடாவில் ஓரிடத்தில், மரங்களைச் செல்லரிக்காமல் காக்க ஆர்சனிக் கலந்த மருந்தை ஏற்றினார்கள். ஆர்சனிக் என்பது நம் பெரியோர் பாஷாணம் என்றார்களே, அதுதான். விஷம் மண்ணில் தங்கிற்று. சருகு மக்கும், சாணம் மக்கும். பாஷாணமும் ஈயமும் மக்குவதில்லை.

அந்த மண்ணில் ஒரு பெரணிச்செடி செழித்து நின்றது. நம்மூர்ப் பழஞ்சுவர்களில் முளைக்கும் அதே இனந்தான். அது மண்ணின் பாஷாணத்தை வேரால் உறிஞ்சி இலையில் சேர்க்கிறதென்று லீனா மா என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 2001-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். பாஷாணம் மிகுந்த மண்ணில் வைத்துச் சோதித்தபோது, ஆறே வாரத்தில் காய்ந்த இலையின் எடையில் 2 சதவீதத்துக்குமேல் பாஷாணம் ஏறியிருந்தது!

ஆனால் கவனியுங்கள். விஷம் அழியவில்லை, இடம் மாறியது. இலையை அறுத்து, ஆடுமாடு தீண்டாமல் அப்புறப்படுத்த வேண்டும். அறுக்காமல் விட்டால், உதிரும் இலையோடு விஷம் மண்ணுக்கே திரும்பும். ஓர் அறுப்பிலும் தீராது. தழைக்கத் தழைக்க அறுக்கவேண்டும். வருஷக்கணக்காகும்.

நம் பாவசங்கீர்த்தனமும் அப்படியல்லவா? சர்வேசுரன் உடனே மன்னிக்கிறார். ஆனால் அபகரித்ததைத் திருப்பிக் கொடாமலும், கெடுத்த பேரை ஈடுசெய்யாமலும், பாவச் சமயத்தை விட்டு விலகாமலும் இருந்தால், அறுக்காத இலைபோல் எல்லாம் திரும்ப விழும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாலு காசுக்காகப் பழைய மோட்டார் பேட்டரியைக் கொல்லையில் உடைத்து ஈயம் உருக்குகிறவர்கள் உண்டு. அந்த மண்ணில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. ஈயம் அதன் மூளையைத் தாக்குகிறது. மண்ணையாவது பாடுபட்டுச் சுத்திகரிக்கலாம்; குன்றிய குழந்தையின் புத்தியை எந்தச் செடி மீட்டுத் தரும்? ஐந்தாம் கற்பனை கத்தியெடுப்பவனுக்கு மட்டுமா?

ஆகையால் இந்த வாரத்துப் பிரதிக்கினை இது: உங்கள் கொல்லையைச் சுற்றிப் பாருங்கள். பழைய பேட்டரி கிடந்தால் உடைக்கவோ, எரிக்கவோ, புதைக்கவோ வேண்டாம். அப்படியே பேட்டரிக் கடையில் ஒப்படையுங்கள். பின்பு உள்ளத்தின் கொல்லையையும் பாருங்கள். அங்கே அறுக்காமல் விட்ட இலை எது? அதை இன்றே அறுக்கத் தொடங்குங்கள்.

ஆமென்.