வேலி தாண்டும் மணம்

அமெரிக்காவில் நவம்பர் மாத நான்காம் வியாழன் நன்றியறிதல் திருநாளாகும். அன்று சில வீட்டார் வான்கோழியைக் கொல்லைப்புறப் புகையடுப்பில் இட்டுச் சமைக்கின்றனர். ஆப்பிள் விறகோ ஹிக்கரி விறகோ கனன்று புகைய, 120 டிகிரி செல்சியஸ் அளவான மெல்லிய சூட்டில், ஐந்தாறு கிலோ எடையுள்ள பறவை பதமாவதற்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் பிடிக்கும். உள்ளிறைச்சியின் சூடு 74 டிகிரியை எட்டும்வரை அவசரப்படலாகாது.

அவ்வளவு நேரமும் மணம் வேலிக்குள் அடங்கிக் கிடப்பதில்லை. அடுத்த வீட்டில் தனித்திருக்கும் முதியவர் அதனை நுகர்ந்தே தீரவேண்டும். மணத்துக்கு விலை கேட்ட கடைக்காரனுக்கு நாணயத்தின் ஓசையைக் கூலியாகக் கொடுத்த கதையைக் கேட்டு நாம் சிரித்திருக்கிறோம். நுகர்ந்தவன் கடனாளி அல்லன், சரி. சமைத்தவன் கடனாளியா? அக்கதை அதைக் கேட்கவில்லை.

குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் அளிக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் அபூதர் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். வான்கோழியில் நீரைக் கூட்ட முடியாதே என்பர். உண்மைதான். ஆனால், ஆறு மணி நேரம் இருக்கிறதே! வேலியருகே சென்று, உண்ண வருகிறீர்களா என்று கேட்க அதில் அரை நிமிடம் கிடைக்காதா? மீந்த கறியை மறுநாள் கொடுத்தனுப்புவதை நாம் இதற்கு ஈடாகக் கொள்ளோம். மணம் போனது முதல் நாளல்லவா?