பழங்கட்டடமும் பற்றின்மையும்

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் வாழும் நமக்கு, சென்னை அண்ணாசாலையில் ஒரு பழைய கட்டடம் நின்றால் என்ன, இடிந்தால் என்ன? அதிலும், பற்றறுத்தலே வீட்டுநெறி என்று போற்றும் நாம் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் பரிந்து பேசுதல் முறையாகுமா? இவ்வாறு வினவுவோர் நம்முள் உண்டு. வினா நேர்மையானது, ஆதலின் விடையும் ஆராய்ந்தே கூறப்பட வேண்டும்.

முதலில் நிகழ்ந்ததைக் காண்போம். மருந்து வணிகரான டபிள்யூ. இ. சிமித் என்பாருக்காக 1897-இல் அண்ணாசாலையில் எழுந்த மாளிகை, 1934-இல் பாரத் இன்சூரன்சு நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஆயுள் காப்பீட்டுத் தொழில் 1956-இல் நாட்டுடைமையானதன் வழியே ஆயுள் காப்பீட்டுக் கழகத்தைச் சேர்ந்தது. 2006-இல் அதனை இடிக்கும் வேலை தொடங்கிற்று. பண்பாட்டு மரபைக் காக்கும் 'இன்டாக்' அமைப்பு உயர்நீதிமன்றத்தை நாடித் தடை பெற்றது. 2010-இல் இடிக்கலாகாது என்று தீர்ப்பும் வந்தது. இதற்கு முன்னரே, 1839-இல் எழுந்த கடற்கரைக் காவல்துறைத் தலைமையகத்தை 1993-இல் இடிக்க அரசு எண்ணியபோதும், அதே அமைப்பின் முயற்சியால் அது பிழைத்தது.

தோன்றல், அழிதல், நிலைத்தல் மூன்றும் பொருளின் இயல்பு என்பது நம் ஆகமம். அழிவது இயல்பாயின் காக்க முனைவது மயக்கமன்றோ என்பர். பிறந்த உயிரெல்லாம் இறப்பதும் இயல்பே. அதனால் கொலை குற்றமற்றதாகி விடுமா? தானே அழிவது வேறு; நாம் அழிப்பது வேறு.

கட்டடம் உயிரற்றது, அதற்கு நோவில்லை என்பது உண்மையே. ஆயினும் மண்ணையும் நீரையும் நெருப்பையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்கள் உண்டென்பது நம் கொள்கை. மண்ணை வெட்டி, நீரில் குழைத்து, சூளையில் சுட்டே ஒரு செங்கல் உருவாகிறது. இல்லறத்தார் இந்த ஆரம்ப இம்சையை முற்றும் விலக்க இயலாது, குறைக்க இயலும். நூறாண்டுக்கு முன் ஒருமுறை நேர்ந்த இம்சையின் பயன் பழஞ்சுவரில் இன்னும் நிற்கிறது. தேவையின்றி அதனை இடித்துப் புதிது எழுப்புவோர், முன்னதை வீணாக்கி, அவ்விம்சையை மீண்டும் செய்கின்றனர். காவிரி மணல் அள்ளப்படுவதையும் குன்றுகள் உடைபடுவதையும் நாமக்கல் மாவட்டத்தில் நேரில் காணும் நமக்கு இது விளங்காததன்று.

பற்று யாரிடம் உள்ளது என்பதையும் எண்ணுவோம். காக்க வழக்காடியோர்க்கு அம்மாளிகையில் ஒரு சதுர அடியும் சொந்தமில்லை. தமக்கென எதுவும் வேண்டாதார் பிறர்க்காக ஒன்றைப் பேணுதல் பற்றாகாது. மனையின் விலையையும் பலமாடி வாடகையையும் கணக்கிடும் மனத்திலன்றோ மிகுபொருள் விருப்பம் குடியிருக்கும்?

மறுபக்கத்தையும் கேட்கச் சொல்வது அநேகாந்தம். விழும் சுவரின்கீழ் மனிதர் நடப்பாராயின், சுவரினும் உயிரே பெரிது. செப்பனிடவே இயலாதெனத் தேர்ந்த பொறியாளர் கண்டால் இறக்குவதே அறம். ஆனால், கூரை ஒழுகியபோது அடைக்காமலும், சுவரில் முளைத்த அரசங்கன்றைக் களையாமலும் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு, பின்னர் 'ஆபத்து' என்று கூறுவது என்ன அறம்? இம்சைக்கு இலக்கணம் கூறும் தத்துவார்த்த சூத்திரம், கவனமற்ற செயலையே அதன் வேராகக் காட்டுகிறது. தீர்ப்புக்குப் பின்னும் அண்ணாசாலை மாளிகை நெடுங்காலம் செப்பனிடப்படாமல் பாழடைந்து நின்றது. இடியாமை மட்டும் காத்தல் ஆகாது.

சென்னையைக் குறை கூறி முடித்துவிடுதல் எளிது. நம் சினாலயங்களில் நாம் செய்வது என்ன? திருப்பணி என்ற பெயரில் பழஞ்சுதையை உடைக்கிறோம். கல்வெட்டின்மேல் வண்ணம் பூசுகிறோம். கல்தளத்தின்மேல் டைல்ஸ் பதிக்கிறோம். திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகர அமைச்சர் இருகப்பர் 14-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த சங்கீத மண்டபம் இன்று நமக்குக் கிடைத்திருப்பது, இடைவந்த தலைமுறைகள் புதுமை வேண்டி அதனை இடிக்காமையாலன்றோ?

ஆகவே, அடுத்த திருப்பணிக்கு நிதி திரட்டுமுன் ஊர்ச் சபையார் ஒரு வினாவை எழுப்புதல் நலம்: 'இதனைச் செப்பனிட இயலாதா?' சுண்ணாம்புச் சாந்து அறிந்த கொத்தனாரையும் கல்வெட்டு அறிந்தவரையும் அழைத்துக் கேட்ட பின்னரே கடப்பாரையைத் தொடுவோம். இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் உரியதை அவர்கள் வருமுன் அழித்துவிடுதல், கொல்லாமைக்கு மட்டுமன்று, கள்ளாமைக்கும் பொருந்தாது.

வளர்க அருகநெறி!