வெட்டும் உரிமை

'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. அடித்தவர்கள் அதை அடிக்கடி சொல்லுகிறார்கள்; அடிபட்டவர்கள் சொல்லி நான் அதிகமாகக் கேட்டதில்லை. துன்பம் தருவதும் அன்பின் ஒரு வகையாக இருக்க முடியுமா? முடியும் என்றால், அன்பினால் வெட்டுகிறவனையும், அன்பின் பெயரைச் சொல்லி வெட்டுகிறவனையும் எப்படிப் பிரித்து அறிவது? இந்தக் கேள்வியோடு, தொட்டியில் வளரும் செம்பருத்தியைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம்.

செம்பருத்தி மனிதனை நம்பிய செடி. 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் அதற்குச் 'சீன ரோஜா' என்று பொருள்படும் லத்தீன் பெயரைச் சூட்டினார். அதற்கு வெகு காலம் முன்பே ஆசிய நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் அது இடம் பிடித்துவிட்டது. நம் வீடுகளில் வளரும் சிவப்புச் செம்பருத்தி பெரும்பாலும் விதை வைப்பதில்லை. யாரேனும் ஒரு கிளையை ஒடித்து நட்டால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. தரையில் நின்றால் நீரையாவது தானே தேடிக்கொள்ளும். தொட்டியில் வைத்துவிட்டாலோ, அதற்கு மழையும் மண்ணும் நாமேதான்.

ஒரே தொட்டியில் இரண்டு மூன்று ஆண்டு வளர்ந்த செடியைக் கவனியுங்கள். காலையில் வயிறு நிறைய நீர் ஊற்றியிருப்போம். பிற்பகலில் இலைகள் துவண்டு தொங்கும். ஊற்றிய நீர் மண்ணில் தங்காமல் அடித்துளை வழியாக ஓடிவிடும். கீழ் இலைகள் மஞ்சளாகும், மொட்டுகள் உதிரும். செடியைக் கழற்றிப் பார்த்தால் காரணம் தெரியும். போக வழியில்லாத வேர்கள் சுவரை ஒட்டி வட்டம் வட்டமாகச் சுற்றி, மண்ணே தெரியாதபடி பின்னிக் கிடக்கும். அதை அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியில் வைத்தாலும் பயன் குறைவு. இடம் கிடைத்த பிறகும் அந்த வேர்களில் பல பழைய வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே வெட்டத்தான் வேண்டும்.

வெட்டுவதற்கு முறை உண்டு. கத்தரி வெயிலில் வெட்டலாகாது. கோடை தணிய வேண்டும். சுற்றிய வேர்களைக் கூரிய கத்தியால் நறுக்கி, வேர்த்திரளில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் நிறுத்திக்கொள்வது நல்லது. நீரை உறிஞ்சுபவை நுனியில் உள்ள மெல்லிய வேர்கள். அவை குறைந்துவிட்டால் எல்லா இலைகளுக்கும் நீர் எட்டாது. ஆகையால் கிளைகளையும் அதற்கு ஏற்பக் கவாத்துச் செய்ய வேண்டும். செம்மண்ணும் மட்கிய தொழு உரமும் மணலும் கலந்து நட்டு, பத்து நாள் நிழலில் வைத்து, புதுத் தளிர் காணும் வரை வேறு உரம் இடாமல் பொறுத்திருக்க வேண்டும். புதுத் தொட்டி பழையதைவிட இரண்டு அங்குலம் அகலமாக இருந்தால் போதும். தாராள மனத்தோடு அண்டா போன்ற தொட்டியைக் கொடுத்தால், வேர் எட்டாத மண்ணில் ஈரம் காயாமல் நின்று வேரை அழுகச் செய்துவிடும். கொடுப்பதிலும் பெறுகிறவனுடைய அளவை அறிய வேண்டியிருக்கிறது.

ஜப்பானியரின் 'போன்சாய்' கலையிலும் இதே கத்திதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மரத்தைக் கழற்றி வேரை நறுக்கி, பெரும்பாலும் அதே அளவுள்ள தட்டிலேயே திரும்ப வைக்கிறார்கள். மரம் பெரிதாகக் கூடாது என்பதே நோக்கம். அவர்களிடம் அன்பில்லை என்று சொல்லிவிட முடியாது. 1625-ஆம் ஆண்டு முதல் இவ்வாறு வளர்க்கப்பட்ட ஒரு பைன் மரம், 1945-இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அந்நகரில் இருந்தும் பிழைத்தது. 1976-இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகச் சென்று, வாஷிங்டனில் பாதுகாக்கப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக நீர் ஊற்றத் தவறாத கைகள் இல்லாமல் அது நடந்திருக்குமா? ஆயினும் அவ்வளவு அக்கறையும் மரத்தைத் தட்டுக்குள்ளேயே வைத்திருப்பதற்காகச் செலவான அக்கறை.

அதில் தனக்குக் குறை உண்டா இல்லையா என்று மரம் சொல்லாது. மனிதர் விஷயம் அப்படியன்று. தேர்வு முடியும்வரை சினிமா வேண்டாம் என்று மகனைத் தடுக்கும் தந்தையும் வெட்டுகிறார். நல்ல மதிப்பெண் வாங்கிய மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்ப மறுத்து, 'எல்லாம் உன் நன்மைக்குத்தான் அம்மா' என்று தலையை வருடும் தந்தையும் வெட்டுகிறார். இருவர் கண்ணிலும் ஈரம் இருக்கலாம். இருவர் சொல்லும் ஒன்றாகவே இருக்கும். சொல்லையும் கண்ணீரையும் வைத்து ஆராய்ந்தால் நமக்கு எதுவும் விளங்காது. வெட்டிய பிறகு செடி எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். மகனுக்குத் தேர்வுக்கு அப்பால் பெரிய தொட்டி ஒன்று காத்திருக்கிறது. மகள் பழைய தொட்டிக்கே திரும்புகிறாள்.

'அவளுக்கு என்ன குறை? சிரித்துக்கொண்டுதானே இருக்கிறாள்?' என்று தந்தை கேட்கலாம். காகிதப்பூச் செடி வேர் நெருக்குண்ட சிறு தொட்டியிலேதான் நன்றாகப் பூக்கும். நீரைச் சற்றுக் குறைத்தால் இன்னும் அதிகமாகப் பூக்கும். தோட்டக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். பூவைச் சான்றாகக் காட்டி வேரின் நிலையைச் சொல்லிவிட முடியாது.

பழமொழி அணைக்கும் கையோடு நின்றுவிடுகிறது. அணைப்பது எளிது; போன்சாய் மரத்தையும் அணைக்கலாம். வெளியே எடுத்த வேர் சிறிது நேரத்தில் காயத் தொடங்கிவிடும். அதனால் அனுபவமுள்ள தோட்டக்காரர் புதுத் தொட்டியின் துளைமேல் ஓட்டுச் சில்லை வைத்து, பாதி மண்ணையும் நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகே கத்தியைத் தேடுவார். பிள்ளைகளின் ஆசையில் கை வைக்கும் பெரியவர்களும் இந்த வரிசையைப் பின்பற்றலாம். பக்கத்தில் பெரிய தொட்டி இல்லாதபோது, கத்தி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.