கொல்லைப் பட்டறையும் அண்டை வீட்டார் ஹக்கும்

"என் சொந்த மனையில் நான் ஒரு கொட்டகை போட்டுக்கொள்ள யாரிடம் அனுமதி கேட்க வேண்டும், ஆலிம்சா?" என்று அண்மையில் ஒரு சகோதரர் நம்மிடம் கேட்டார். நீண்ட காலம் வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். சிறு வயது முதல் மர வேலையில் அவருக்கு ஆசை. விற்பனைக்காக அல்ல; குர்ஆன் ஓதும் ரஹால், பிள்ளைகளுக்குத் தொட்டில் என்று தம் கையால் செய்து உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே எண்ணம். கொல்லையில் மதிலை ஒட்டித் தகரக் கூரை போட்டு, மரம் அறுக்கும் மெஷின் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் திட்டமிட்டிருந்தார். மதிலுக்கு அப்பால் கணவரை இழந்த ஒரு மூதாட்டியின் வீடு.

கேள்வி சிறியதுதான். ஆனால் 'என்னுடையது' என்று நாம் சொல்லும் சொல் எதுவரை செல்லும் என்ற பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே வாசக நேயர்களும் இதைச் சற்றுச் சிந்திப்பது நலம்.

நமது பிக்ஹு நூல்களுக்கு இந்த மஸ்அலா புதியதல்ல. ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது 'மின்ஹாஜ்' நூலில், ஒருவர் தம் சொத்தை வழக்கத்தையொட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம், வழக்கத்தை மீறிச் சேதம் விளைவித்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தைக் கூறியுள்ளார்கள். ஜவுளிக் கடைகளுக்கு நடுவே கொல்லன் பட்டறை வைப்பதுகூட ஆகும். ஆனால் தக்க முன்னெச்சரிக்கை எடுத்துச் சுவர்களை உறுதிப்படுத்தியிருக்க வேண்டும் என்பதே அங்கு வலுவான சொல்லாகக் காட்டப்பட்டுள்ளது.

ஹனஃபீ மத்ஹபிலும் சொத்துக்குரியவர் தம் சொத்தில் சுதந்திரமானவர் என்பதே அடிப்படை. எனினும் அண்டை வீட்டாருக்குப் பெருந்தீங்கு நேருமானால் அவரைத் தடுக்கலாம் என்று பிற்கால அறிஞர்கள் முடிவு செய்தார்கள். உதுமானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' சட்டநூல், சம்மட்டி அடியால் பக்கத்து வீடு பலமிழப்பதையும், அடுப்புப் புகையால் குடியிருக்க முடியாமல் போவதையும் இதற்கு உதாரணமாகத் தருகிறது. பெண்கள் புழங்கும் அடுக்களை, கிணற்றடி, முற்றம் ஆகியவை தெரியும்படி சன்னல் வைப்பதையும் அது பெருந்தீங்காகவே எண்ணுகிறது. அதே சமயம், தூரத்துக் காட்சி மறைந்துவிட்டது என்பது போன்ற குறைகளை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆக, மார்க்கம் நம் கையிலிருக்கும் உளியைப் பிடுங்கவில்லை. உளிச் சத்தம் எங்கே போய் விழுகிறது என்று கவனிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இனி, அரசாங்க அனுமதிக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. மனையின் எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும், எந்த வேலைக்கு அனுமதி தேவை, எதற்கு விலக்கு உண்டு என்பவற்றை அவை சொல்கின்றன. இடம் விடச் சொல்வது எதற்காக? காற்று வர, வெளிச்சம் வர, மழைத் தண்ணீர் அடுத்தவர் சுவரில் இறங்காதிருக்க, தீப்பிடித்தால் ஆட்கள் உள்ளே புக. இவற்றில் மார்க்கத்துக்கு மாறானது எது? தீங்கு செய்வதும் கூடாது, தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற கருத்தில் வந்துள்ள ஹதீதின் நோக்கமும் இதுவே அன்றோ? பொது நன்மைக்காகச் செய்யப்பட்ட ஏற்பாட்டை, "அரசாங்கச் சட்டம்தானே" என்று இலேசாக எண்ணுவது ஒரு முஸ்லிமுக்கு அழகல்ல.

நம் சகோதரருக்கு ஒருவர் யோசனை சொல்லியிருந்தார்: "வரைபடத்தில் ஸ்டோர் ரூம் என்று போட்டுக்கொள்ளுங்கள், மெஷினைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்" என்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 முதல் தமிழ்நாட்டில் 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்தே அனுமதி பெறலாம் என்ற ஏற்பாடு வந்திருக்கிறது. அதாவது, நம் சொல்லையே நம்பி அனுமதி தருகிறார்கள். நம் சொல்லே சாட்சியமாகிவிட்ட இடத்தில் பொய் எழுதுவது பொய்ச் சாட்சியம் அல்லாமல் வேறென்ன? கையில் எதையாவது வைத்து முடித்துக்கொள்வதோ லஞ்சம். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் சாபம் வந்துள்ள பாவம் அது.

அனுமதி கைக்கு வந்துவிட்டால் கடமை முடிந்துவிடுமா? இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டியுள்ளன. ஆனால் பக்கத்து வீட்டில் நோயாளி கண்ணயரும் நேரம் எது என்று எந்த விதியும் சொல்லாது. அதை வாசற்படியேறிப் போய்க் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். "அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்பதும் போதாது. ஆதரவற்ற அண்டை வீட்டாரின் மௌனம் பல சமயம் அச்சத்தின் மௌனம். அதைச் சம்மதமாகக் கொள்ளலாகாது.

நிற்க. கொட்டகை போடுமுன் எல்லையை அளந்துவிடுங்கள் என்று அவரிடம் சொன்னோம். சர்வேயர் வந்து அளந்தார். மதில் முக்கால் அடி அளவுக்கு அடுத்த மனைக்குள் போயிருந்தது! கட்டியவர் அவருடைய வாப்பா. மவுத்தாகிப் பல வருடங்கள் ஆகின்றன. சகோதரர் முகம் வாடிவிட்டது. "பன்னிரண்டு வருடம் தாண்டிவிட்டால் கேஸ் நிற்காது என்கிறார்களே, ஆலிம்சா?" என்றார்.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, நிலத்தை மீட்கும் வழக்குக்குப் பொதுவாக 12 ஆண்டு வரம்பு உண்டு என்பது மெய்யே. மஜல்லாவிலும் 15 ஆண்டு கடந்த வழக்கை நீதிபதி விசாரிக்க மாட்டார் என்று உண்டு. ஆனால் காலம் கடந்ததால் ஹக்கு அழிந்துவிடாது என்றும் அதே நூல் கூறுகிறது. துனியாவின் கோர்ட்டு கதவை மூடிக்கொள்ளலாம். ஆகிரத்தின் கோர்ட்டுக்குக் காலவரையறை இல்லை. பிறர் நிலத்தில் ஒரு சாண் அபகரித்தவர் கழுத்தில் ஏழு பூமிகள் மாலையாக மாட்டப்படும் என்ற எச்சரிக்கையை அறியாதவர் நம்மில் யார்? வாப்பா அறியாமல் செய்திருக்கலாம். அறிந்துவிட்ட மகனோ இனி அறியாதவர் அல்லர்.

அவர் அந்த மூதாட்டியிடம் போய் உண்மையைச் சொன்னார். "போகட்டும், இருந்துவிட்டுப் போகட்டும்" என்று அந்த அம்மையார் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். சகோதரர் மகிழ்ச்சியோடு நம்மிடம் வந்தார். நாமோ மீண்டும் அவருக்குச் சுமையையே கொடுக்க வேண்டியதாயிற்று. மனை அவர்களுடைய கணவருடையது. பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்குதான். அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கத்தான் அவர்களுக்கு உரிமை. மற்ற வாரிசுகள் ஒவ்வொருவரும் மனமொப்பிச் சொல்ல வேண்டும். அவர்களில் மவுத்தான மகனின் வயது வராத பிள்ளையும் உண்டு. அப்பிள்ளையின் பங்கை இனாமாக விட்டுக்கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை.

சகோதரர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "மதிலை இடித்தே கட்டிவிடுகிறேன்" என்று சொல்லிச் சென்றார். அவ்வாறே செய்தார். விதிப்படி எல்லையிலிருந்து தள்ளிப் போட்டதில் பட்டறை அவர் நினைத்ததைவிடச் சிறியதாகிவிட்டது. மெஷின் அஸருக்கு முன் ஓடுவதில்லை. பகலில் அம்மையார் ஓய்வெடுக்கும் நேரம் அது.

அண்டை வீட்டாருக்கும் ஒரு சொல். நம் சுவரில் அண்டை வீட்டார் ஓர் உத்திரம் பதிக்க வந்தால் தடுக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கட்டாயம் என்போரும், விரும்பத்தக்கது என்போரும் இமாம்களில் உண்டு. எப்படியாயினும், அடுத்தவர் ஆசையோடு தொடங்கும் ஒரு சிறு வேலைக்கு அற்பக் காரணம் சொல்லி மனுப்போட்டு அலைக்கழிப்பதும் தீங்குதான்.

வீடு கட்டவோ கொட்டகை போடவோ நினைக்கும் சகோதரர்கள் கடைக்காலுக்குக் கயிறு பிடிக்குமுன் எல்லையை அளந்துவிடட்டும். அண்டை வீட்டாரைக் கேட்டுவிடட்டும். அனுமதியை உள்ளது உள்ளபடி எழுதிப் பெறட்டும். பிறர் ஹக்கு நம் சுவருக்குள் ஒரு செங்கல் அளவுகூடத் தங்கிவிடாமல் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.