விதை எனும் இரவல்

பிரியாணியுடன் கத்தரிக்காய் பரிமாறப்படாத ஆம்பூர் விருந்து உண்டோ? அவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற இனம், வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரி. 2023-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் காக்கப்பட்டது, நன்று. பெயரைக் காத்தால் விதையும் காக்கப்பட்டதாகுமா என்பதே நாம் சிந்திக்க வேண்டிய வினா.

ஃபிக்ஹு நூல்கள் இரண்டைப் பிரித்துக் காட்டும். காப்பதற்கென்று மட்டும் ஒப்படைக்கப்படுவது வதீஅத், அதனைப் பயன்படுத்தலாகாது. பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தருமாறு இரவலாக அளிக்கப்படுவது ஆரியத். பாட்டனார் விட்டுச் சென்ற விதை இவற்றுள் எதனை ஒக்கும்? வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்தால் கத்தரி விதை சில ஆண்டுகளில் முளைக்கும் திறனை இழந்துவிடும். விதைத்தே விதையைக் காத்தல் இயலும். ஆகவே அது இரவலையே ஒக்கும். அதனைத் திரும்பப் பெறவேண்டியவர் நம் பின்னோர்.

விதைக்கும்போதே தேர்வும் வந்துவிடுகிறது. விதைக்குரிய காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விடவேண்டும். பின் கழுவி, நீரில் மூழ்கும் விதைகளை மட்டும் உலர்த்த வேண்டும். வேறு கத்தரியினம் அருகிருந்தால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும். நோய் தாங்கிய, சுவை மிகுந்த செடியின் காயை விட்டால் இனம் மேம்படும். நல்லனவற்றையெல்லாம் சந்தைக்கு அனுப்பிவிட்டு எஞ்சியதை விதைக்கு விட்டால் ஆண்டுக்காண்டு தேயும். எனவே மாற்றம் மோசடியன்று, அசட்டையே மோசடி.

வீரிய ஒட்டு விதை கடையில் கிடைக்க, இத்தொல்லை ஏன் எனச் சிலர் கேட்பர். அது மிகுந்த விளைச்சல் தருவதை மறுக்கவில்லை. ஆயினும் அதன் காயிலிருந்து எடுக்கும் விதை தாயின் குணத்தை அப்படியே தருவதில்லை. பருவந்தோறும் விலைக்கு வாங்க நேரும். விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்கு 2001-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை அளித்துள்ளது. உரிமை ஏட்டில் இருந்து, விதை கையில் இல்லையெனில் யாது பயன்?

பொறுப்பு உழவர் ஒருவருக்கு மட்டுமோ? முதல்தரக் காயை விதைக்கு விடுபவர் அன்றைய வருவாயை இழக்கிறார். அவரிடமே நாம் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி வாதாடுகிறோம். இதனை எழுதும் நாமும் அவ்வாறு வாதாடியதுண்டு. நல்ல காயை விற்றுவிட்டு, சொத்தையை விதைக்கு விடுமாறு அவரைத் தூண்டுவது அந்தப் பேரமன்றோ?

உண்பவரும் இரவல் பெற்றவரே. நாட்டுக் காய்க்கு நாம் கொடுக்கும் நியாய விலை தருமமன்று. தீர்க்க வேண்டிய கடன்.