நரம்பில் ஒரு ரப்பர் துண்டு

டென்னிஸ் ராக்கெட்டின் நடு நரம்புகள் இரண்டுக்கும் இடையில், கடைசிக் குறுக்கு நரம்புக்குக் கீழே, ஒரு சின்ன ரப்பர் துண்டைச் செருகியிருப்பார்கள். டேம்பனர். இரண்டு மூன்று கிராம் இருந்தால் அதிகம். விலையும் சொற்பம்தான். அதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கைதான் பெரிது: அதிர்வைத் தடுத்து முழங்கையைக் காப்பாற்றிவிடுமாம்.

*

இன்று காலை அதைக் கழற்றிவிட்டு ஆடினேன். நடுவில் பட்ட பந்துக்கு ‘டிங்’ என்று ஒரு நீண்ட ஓசை. ஓரத்தில் பட்டால் ஓசை கலங்கியது. எங்கே பட்டது என்று பார்க்காமலே தெரிந்தது. திரும்ப மாட்டியதும் நல்ல அடி, கெட்ட அடி எல்லாமே ஒரே ‘தப்’. மனசுக்கு அமைதிதான். ஆனால் பந்து பட்ட இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்த குரல் பாதி அடங்கிவிட்டது.

*

நரம்பு நொடிக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் அதிர்கிறது. டேம்பனர் அதைச் சட்டென்று அடக்கிவிடும், வீணைத் தந்தியில் விரல் வைத்த மாதிரி. கைக்கு ஏறுவதோ சட்டத்தின் அதிர்வு. அது மெதுவானது, நொடிக்கு நூறிலிருந்து இருநூறுக்குள். முந்நூறு கிராம் சட்டத்தின் ஆட்டத்தை இந்தத் துணுக்கு என்ன செய்யும்? அதைத் தணிப்பது பிடித்திருக்கும் கையேதான். 2004இல் ‘ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் சயின்சஸ்’ இதழில் வந்த ஆய்வு ஒன்று ஆட்டக்காரர்களின் கையிலேயே அளந்து பார்த்தது. முன்கைக்குப் போகும் சட்ட அதிர்வை டேம்பனர் குறைக்கவில்லை.

*

பந்து நரம்பில் தங்குவது ஏறக்குறைய 5 மில்லி விநாடி. ‘டிங்’ என்று நாம் உணர்வதற்குள் அது கிளம்பிவிட்டது. ஆக, டேம்பனர் மாட்டியதால் அடி திருந்தியது என்பவர் தம் காதைப் பற்றித்தான் பேசுகிறார். அதுவும் ஒன்றும் கேவலமில்லை. காது நிம்மதியாக இருந்தால் தோள் தளரும், ஆட்டமும் நன்றாக வரலாம்.

*

ஆந்த்ரே அகாஸி எட்டு கிராண்ட்ஸ்லாம் பட்டம் வென்றவர். அவர் ராக்கெட்டில் இருந்தது சாதாரண ரப்பர் பேண்ட். நடு நரம்புகள் இரண்டையும் சேர்த்துச் சுற்றி, இறுக்கி இரண்டு முடிச்சு போட்டு, தொங்குவதை வெட்டிவிட்டால் ஆயிற்று. சர்வீஸ் போடும்போது தெறித்து ஓடாது. கடையில் வாங்கும் பொத்தான் டேம்பனருக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது. அதன் பள்ளம் நரம்பைக் கவ்வாவிட்டால் பக்கத்துக் கோர்ட்டில்தான் தேட வேண்டும். பல நரம்புகளில் பின்னிப் போகும் நீளமான வகை அவ்வளவு எளிதில் கழலாது, ஓசையையும் இன்னும் நன்றாக அமுக்கும். எனக்கு அந்த அளவு மௌனம் பிடிக்காது.

*

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, குறுக்கும் நெடுக்கும் பின்னிய பரப்புக்கு வெளியேதான் டேம்பனர் இருக்கலாம். புதிதாக ஆட வருகிறவர்கள் சிலர் பரப்புக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டு வருவார்கள். சொன்னால் கீழே இறக்கிவிடுவார்கள்.

*

முழங்கை வலிக்கிறதா? டேம்பனர் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். விறைப்பான பாலியஸ்டர் நரம்பு போட்டிருந்தால் மென்மையானதாக மாற்றுங்கள், இறுக்கத்தை இரண்டு மூன்று பவுண்டு குறைக்கச் சொல்லுங்கள், பிடியின் பருமன் உங்கள் கைக்குச் சரியா என்று பாருங்கள். அப்படியும் வலி நிற்காவிட்டால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.