குனிபவரின் உயரம்

கொடைக்கானலில் காஷ்மீர்போல் பனி பொழிவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு மார்கழியிலும் தையிலும் ‘குட்டிக் காஷ்மீர்’ என்று படங்கள் வந்துவிடுகின்றன. படத்தில் தெரிவது தரையிலேயே உறைந்த பனி. வானத்திலிருந்து விழுவதற்கும் புல்லில் உறைவதற்கும் பேச்சு வழக்கில் நமக்கு ஒரே சொல்தான்.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஏரியைச் சுற்றியும், கீழ்பூமி, பாம்பார்புரம் பக்கத்துப் புல்வெளிகளிலும் விடியலில் வெளுத்துக் கிடக்கிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியைத் தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில் வைப்பார்கள். அது 3 டிகிரி காட்டும்போதே புல்நுனி 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கக்கூடும். செய்தியில் நாம் படிப்பது, நிற்பவரின் உயரத்தில் அளந்த குளிர்.

மேல்மலைத் தோட்டங்களில் கேரட் பிடுங்கும், பூண்டுக்குக் களையெடுக்கும் பெண்கள் நிற்பதில்லை. குனிந்தோ குந்தியோதான் அவர்களுடைய நாள் கழிகிறது. அவர்கள் கை இருக்கும் இடத்துக் குளிரை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.

உறைபனியைப் பற்றி நானும் கவிதை எழுதியிருக்கிறேன். அதில் புல் இருந்தது, வெளிச்சம் இருந்தது, ஆள் இல்லை. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிரும் முன்பனியும் என்று வகுப்பில் தொல்காப்பியம் சொல்லும்போதும், அது தலைவனுக்காக இரவில் காத்திருக்கும் தலைவியின் குளிராகவே இருந்தது. தினைப்புனம் காத்தவளும் அவள்தான். அவளுடைய விரல் விறைத்ததா என்று மாணவிகள் கேட்டதில்லை, நானும் கேட்கவைத்ததில்லை.

ஒரு தை மாதக் காலையில், மன்னவனூர்ப் பக்கம் கேரட் தோட்டத்தில் வேலையாக இருந்த ஓர் அக்காவிடம் குற்றவுணர்வோடு கேட்டேன்: “நாங்க இதை அழகுன்னு படம் எடுத்துக்கிட்டுப் போறோம். உங்களுக்குக் கோபம் வராதாக்கா?”

“அழகாத்தானே டீச்சர் இருக்கு” என்றார் அவர். “வெயில் பட்டதும் கண்ணாடித்தூளாட்டம் மின்னும். நின்னு பாக்கத்தான் விடமாட்டாங்க.”

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவருக்கு வலி மட்டுமே தெரியும், அழகு எனக்குத்தான் தெரியும் என்று முடிவுகட்டிக்கொண்டு போயிருந்தேன். இரக்கத்துக்குள்ளும் இப்படியொரு மேட்டிமை ஒளிந்திருக்கிறது.

பிறர் வருந்தும் இடத்தில் அழகைக் காண்பது தவறா என்றுதான் அதுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேள்வியையே மாற்றிவிட்டார். பனி அழகுதான், அது இருவருக்கும் தெரிகிறது. நான் நின்றால் அதற்குப் பெயர் ரசனை. அவர் நின்றால் அதற்குப் பெயர் சோம்பல். மேஸ்திரியின் குரல் வந்துவிடும். ரசனை என்று நாம் பெருமைப்படுவதில் பாதி, நம் கையில் இருக்கும் நேரம். அந்த நேரம் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிடைப்பதில்லை. கூலியிலும் ஆணுக்குக் கீழே வைக்கப்படும் பெண்ணுக்கு அது கடைசியாகத்தான் வந்து சேரும்.

ஆகவே கவிதையில் ஓர் உழைக்கும் பெண்ணைச் சேர்த்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று இப்போது நான் நம்புவதில்லை. உறைபனி நாட்களில் வெயில் ஏறிய பிறகு வேலை தொடங்கட்டும். அதற்காகக் கூலி குறையாதிருக்கட்டும். கையுறையைத் தோட்டக்காரர் வாங்கிக் கொடுக்கட்டும். பனியின் அழகைப் பற்றி அதன்பிறகு அந்த அக்காவும் நானும் நின்று பேசலாம்.